டாக்டர் துரையின் விரதம்

கோலா தெர்லா ஊரிலிருந்து காய்கறி லோரியில் வந்த பவளத்தை, தேயிலைச் சரிவின் உச்சியில் இருந்த பழைய பங்களா வாசலில் இறக்கிவிட்டான் காளிமுத்து.

“வயசான தொரெ, ஒண்டியாத்தான் இருக்காரு. தொந்தரவு ஒண்ணும் இருக்காது லா, அக்கா. நாளன்னிக்குக் காலையில இந்தப் பக்கம் வருவேன்.”

எழுபத்தாறாம் வருடம், அக்டோபர் மாத மழைக்காலம். டாக்டர் ரோசன் எஸ்டேட் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர். லயத்து வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு முப்பது வருடம் வைத்தியம் பார்த்ததில் தமிழ் அவர் நாக்கில் படிந்திருந்தது.

சமையலுக்கு வந்தவளிடம், மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னார்.

“இன்னிக்கிப் பொழுது சாய்ஞ்சா எனக்கு விரதம், பவளம். நாளைக்கு வானத்துல மூணு நட்சத்திரம் தெரியிற வரைக்கும் பச்சத்தண்ணிகூட கிடையாது. எங்க ஜனங்களுக்கு வருஷத்துலயே பெரிய நாள். செஞ்ச பாவத்துக்கு மன்னிப்பு கேக்குற நாள்.”

“சாமி மன்னிச்சிருவாரு தொரெ.”

“சாமிக்குச் செஞ்சதைத்தான் சாமி மன்னிப்பாரு. மனுஷங்களுக்குச் செஞ்சதை அவங்கதான் மன்னிக்கணும்.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “திலகம்னு ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். லயத்துலருந்து ஆள் வந்து கூப்பிட்டான். நான் மேனேஜர் பங்களாவுல விருந்துல இருந்தேன். ‘காலையில வரேன்’னு சொல்லி அனுப்பிட்டேன். காலையில தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. பத்தொம்பது வருஷமாச்சு.”

பவளம் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

மறுநாள் முழுக்க அவர் வெள்ளுடை உடுத்தி, துணிச் செருப்பு போட்டு, ஒரு பழைய ஜெபப் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்தபடி நின்றார். ஒவ்வொரு பாவத்தைச் சொல்லும்போதும் முஷ்டியால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். தொம். தொம். அடுக்களையில் இருந்த பவளத்துக்கு அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குப் பனி மலையேறி வந்து ஜன்னல்களை மூடியது. வீட்டுக்குள் ஈரமான, சூடான ஒரு வாடை பரவியது. பவளத்துக்கு அது தெரிந்த வாடைதான். பிள்ளை பிறந்த வீட்டு வாடை.

தொம்.

வெளிச்சுவரில் பதிலுக்கு ஒரு தட்டு.

தொம்.

மறுபடியும் தட்டு.

அவர் கையை நிறுத்தினார். சுவரில் தட்டுவது நிற்கவில்லை.

பவளம் ஓடி வந்தபோது அவர் பின்கதவைத் திறந்திருந்தார். வெளியே வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள்.

“திலகம், என்னை மன்னிச்சிரு.”

முனகல்.

“மன்னிச்சிரும்மா.”

முனகல் வாசற்படிக்கு வந்தது.

“மன்னிச்சிரு...”

பவளத்தின் காதோரம் சூடான மூச்சு பட்டது. ஒரு பெண்குரல் மெல்லச் சொன்னது.

“காலையில வரேன்.”

டாக்டருக்கும் அது கேட்டிருந்தது. அவர் முகம் வெளுத்து நாற்காலியில் சரிந்தார்.

கடிகாரம் ஏழரை காட்டியது. பனி விலகவில்லை. பவளம் தண்ணீர் டம்ளரோடு அவர் முன் மண்டியிட்டாள்.

“பொழுது போயிருச்சு தொரெ. ஒரு வாய் குடிங்க. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு.”

“நட்சத்திரம் தெரியுதா?”

“பனி தொரெ! எப்படித் தெரியும்?”

“அப்போ இன்னும் முடியல.”

அவள் கெஞ்சினாள், அழுதாள், அதட்டிக்கூடப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. லயத்துக்கு ஓடி ஆள் கூட்டி வரலாமென்றால், அந்தப் பனிக்குள் இறங்கக் கால் வரவில்லை. டம்ளரைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். எப்போது கண்ணயர்ந்தாளோ தெரியாது.

விடிந்தபோது வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. டாக்டரின் கண்கள் பின்கதவைப் பார்த்தபடியே நின்றிருந்தன. உடம்பு சில்லிட்டிருந்தது.

லயத்தார் வந்து உடலை எடுத்த பிறகு, காளிமுத்துவின் லோரியில் ஏறினாள் பவளம். திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பாதையில் திரிங்காப் வளைவில் மார்பு கனத்து வலித்தது. ரவிக்கை நனைந்திருந்தது. வியர்வையாக இருக்குமென்று முந்தானையால் ஒற்றினாள்.

நாற்பது வயதுவரை ஒரு கருவையும் சுமந்தறியாதவள் அவள்.

முந்தானையில் பால்.