கிணற்றடிச் சாட்சியத்தின் ஓரக்குறிப்பு

பேய்க்கதை சொல்கிறவர்களை நான் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. வேலைவெட்டி இல்லாதவர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் சேர நேர்ந்ததே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போர் முடிந்த ஏழாம் மாதம், 2009 டிசம்பரில், பெரியகல்லாற்றில் வாவிக்கரையோரப் பழைய வீடொன்றில் போய் இறங்கினேன். ஒரு தொண்டு நிறுவனம் அதை அலுவலகமாக்கியிருந்தது. சுவரில் நெஞ்சுயரத்தில் சுனாமித் தண்ணீர் நின்ற கோடு இருந்தது. அறையெங்கும் சேற்று வாடை.

அலையில் காணாமற்போனவர்களைப் பற்றி உறவினர்கள் சொன்ன சாட்சியங்களை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். திரையில் வாசித்து, வரிகளுக்கு நிறம் பூசி, ஓரத்தில் குறிப்பு ஒட்டுவது என் வேலை. மஞ்சள் பூசினால் சொன்ன இடத்தில் தேடுவார்கள். சிவப்பு பூசினால் விட்டுவிடுவார்கள்.

எல்லோரும் ஒரே அழுகையை அழுதிருந்தார்கள். சிவப்பு பூசி, "ஆதாரம்?" என்று ஒற்றைச் சொல்லை ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவேன். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு திமிர்.

முப்பத்தேழாவது, சீதேவிப்பிள்ளையின் சாட்சியம். முதல் அலை வடிந்ததும் மகள் யசோதினி வீட்டுக் கிணற்றடியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டாளாம். தாய் ஓடிப்போவதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. பிறகு அந்த இடம் இராணுவ முகாம் வேலிக்குள் போனது. ஐந்து வருடமாகக் கிணற்றை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. இப்போது வேலி இல்லை. ஆனால் வீதி போடுவதற்காக வெள்ளிக்கிழமை கிணற்றை மூடப்போகிறார்கள்.

சாட்சியங்களைத் தட்டச்சு செய்த சுலோஜனா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சேர், இதுக்கு மட்டும் சிவப்புப் போடாதீங்க. அந்த மனிசி வாசல்லதான் இருக்கிறா."

"அலை இரைச்சலுக்குள்ள பிள்ளைட சத்தம் கேட்டதாமோ?"

"தாய்க்குக் கேக்கும், சேர்."

சகிக்கவில்லை எனக்கு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பூசினேன். "ஆதாரம்?" என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. நல்ல வெயில். என் குறிப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பு இருந்தது. எழுதியவர் பெயர் வரும் இடம் வெறுமையாக இருந்தது.

"கிணத்துக்குள்ள இருக்கிறன்."

சுலோஜனாவைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அழுதாள். நடிப்பு என்று நினைத்தேன். அவளை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் குறிப்பை அழித்தேன்.

விசைப்பலகை ஈரமாக இருந்தது.

சேற்று வாடை தொண்டைவரை ஏறியது. பூட்டிய அறையில் நான் மட்டும். நான் எதையும் தொடவில்லை. என் கண்முன்னே திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"தண்ணி வத்திட்டுது. வந்து பாருங்க."

அப்போதும் திமிர் அடங்கவில்லை. ஒரு குறிப்புக்குப் பயந்து சிவப்பை மாற்றினேன் என்று ஊர் சிரிக்கக்கூடாதே. சாட்சியத்தையே முழுதாக நீக்கினேன்.

வாசலில் சீதேவிப்பிள்ளை எழுந்து நின்றாள்.

"மகன், என்ட புள்ளைக்கு மஞ்சள்தானே போட்டீங்க?"

"ஓம்" என்றேன்.

அவள் என் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நானும் அங்கே போய் நின்றேன். லொறி கல்லைக் கொட்டியது. கிணற்றுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அன்றே கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

இதைப் புதிய கணினியில், இணைய இணைப்பே இல்லாமல், பட்டப்பகலில் எழுதினேன். முடித்துவிட்டு முதலிலிருந்து வாசித்தேன். ஒரேயொரு வரிக்கு மஞ்சள் பூசியிருக்கிறது. நான் பூசவில்லை.

"கிணற்றுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை."

ஓரத்தில், பெயரில்லாமல், ஒரு குறிப்பு:

"ஆதாரம்?"