தலையாட்டிக்குப் போன துயரம்

துயர்கடத்தியின் பட்டையைத் தவமலர் தன் நெற்றியில் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எதிரே குலேந்திரன் நெற்றியிலும் ஒரு பட்டை. நடுவில் இணக்க வட்டத்தை நடத்தும் பிரசாந்தினி விசையைத் திருகத் தயாராக இருந்தாள்.

போர் ஓய்ந்த ஊர்களில் இப்போது நீதிமன்றம் கிடையாது, இந்த வட்டம்தான். ஒருவர் பட்டதைச் சொல்லச் சொல்ல, அந்தத் துயரத்தில் ஒரு பங்கு எதிரில் இருப்பவர் மூளைக்குள் இறங்கும். உடனே மனம் இளகிவிடுமாம். பிறகு இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிக்கலாமாம். நல்ல கூத்து!

தவமலர் இளக வரவில்லை. இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்த அன்று, வெயிலில் வரிசையாக நின்ற ஊருக்கு முன்னால், முகமூடிக்குள் இருந்து தலையாட்டி அவள் மகன் நிரோஜனைக் காட்டிக்கொடுத்தவன் இந்தக் குலேந்திரன். வண்டியில் ஏற்றப்பட்ட பிள்ளை பிணமாகக்கூடத் திரும்பவில்லை. காட்டிக்கொடுத்த படுபாவியோ கலியாணம் கட்டி, வீடும் கட்டி, சந்தையில் சிரித்துப் பேசித் திரிந்தான்.

"பங்கு வேண்டாம் பிள்ளை. முழுசா அனுப்பு."

பிரசாந்தினி பதறிப்போனாள். "அம்மா, முழுசாக் குடுத்தா அது உங்களை விட்டே போயிடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"போகட்டும்! நான் இவ்வளவு காலம் சுமந்தது காணும். இனி இவன் சாகுமட்டும் நித்திரையில்லாமல் கிடந்து துடிக்கட்டும்."

இழந்தவர் கேட்டு, எதிராளியும் சம்மதித்தால் வட்டம் மறுக்க முடியாது. குலேந்திரன் தலை குனிந்தான். "தாங்கோ அக்கா. ஏற்கிறன்."

"அக்காவோ? வாயைக் கழுவு!"

அவள் சொல்லத் தொடங்கினாள். முகாம் வாசலில் சோற்றுப் பொதியோடு காத்துக் கிடந்ததை, அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று விரட்டப்பட்டதை, எது அதிகம் வெட்டுமோ அதைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள். குலேந்திரன் கதிரையிலிருந்து சரிந்து, "ஐயோ, என்ர ராசா!" என்று நிலத்தில் புரண்டான். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அன்று அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். பிறகு வந்த மாதங்களில் வேளைக்குப் பசித்தது, உடம்பில் சதை பிடித்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "இண்டைக்கு நிரோஜனைப் பிடிச்சுக்கொண்டு போன நாள், அவன்ர திவசமெல்லே? ஒண்டும் சமைக்கேல்லையோ?"

தவமலர் மகனை நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது, குரலும் வந்தது. யாரோ ஊரார் பிள்ளையைப் பற்றி நினைப்பதுபோல் இருந்தது. அழ முயன்றாள், முடியவில்லை. பயந்துபோய்க் குலேந்திரன் வீட்டுக்கு ஓடினாள்.

அவன் எலும்பும் தோலுமாக, வாழையிலையில் நிரோஜனுக்குப் பிடித்த பிட்டும் நண்டுக் கறியும் படைத்து, அதன் முன்னே விம்மிக்கொண்டிருந்தான்.

"அதைத் திருப்பித் தா," என்றாள் தவமலர். "எழும்பு, வட்டத்துக்குப் போவம்."

"தரமாட்டன்."

"அவனைப் பெத்தவள் நானடா!"

"நீங்கள்தானே வேண்டாமெண்டு எறிஞ்சனீங்கள்?" குலேந்திரன் எழுந்து வந்து வாசலை மறித்தான். "என்ர பிள்ளையை ஒருக்காப் பறிகுடுத்திட்டன். இனி ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

என் பிள்ளையை இரண்டாம் முறையும் கொண்டுபோய்விட்டான், இவனைக் கொன்றால் என்ன என்று வெளியே நின்ற தவமலர் நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது. அதற்கு வேண்டிய ஆத்திரமும் உள்ளே அவனிடம்தான் இருந்தது.