ஐயமானி

எட்டாம் வகுப்பு அறிவியலில் அன்று பதினேழு மஞ்சள் புள்ளிகள் இருந்தன. மற்ற வகுப்புகளின் கட்டங்கள் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தன.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒன்பது பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு புள்ளி என்றால் ஒரு பிள்ளையின் மனதில் தீராமல் நிற்கும் ஒரு சந்தேகம். பிள்ளைகள் நெற்றியில் கட்டியிருக்கும் ஐயமானி என்ற மெல்லிய பட்டை அதைக் கண்டுபிடித்துத் தெளிவிக்கு அனுப்பும். தெளிவிதான் இப்போது பாடம் நடத்தும் இயந்திரம். எந்தச் சொல்லில் மனம் இடறுகிறதோ அந்தச் சொல்லை அந்தக் கணமே மாற்றிவிடும். அதற்குப் பிறகும் அணையாத புள்ளிகள் குழுவின் முன்னால் வரும். பாடத்தை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று குழு முடிவு செய்யும்.

இரண்டே ஆண்டுகளில் பள்ளியின் தேர்ச்சி அறுபத்தொன்றிலிருந்து தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கு ஏறியிருந்தது. பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வான்மதிக்கு, இந்தக் குழுவின் தலைவி என்று சொல்லிக்கொள்வதில் அவ்வளவு பெருமை. கூட்டம் இழுக்காமல் முடியட்டும் என்று போன வருடம் குழுவினரும் பட்டை கட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தவளே அவள்தான். பட்டை இல்லாதவருடைய வாக்கு செல்லாது.

எட்டாம் வகுப்பு அறிவியலை மட்டும் இன்னும் ஒரு மனிதர் நடத்திக்கொண்டிருந்தார். மாதேஸ்வரன். குழு அவரை அழைத்திருந்தது.

"சாயப்பட்டறைக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி ஏன் நுரைக்குதுன்னு கேட்டேனுங்க. பதில் சொல்லல. ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன்" என்றார் அவர்.

"ரெண்டு நாளா மஞ்சளாவே நிக்குதுங்க சார்" என்றான் வார்டு உறுப்பினர் கிருத்திக். "மத்த ஸ்கூல்காரங்க பாத்துச் சிரிக்கறாங்க."

"என்ற பொண்ணும் அந்தப் பதினேழுல ஒருத்திங்க" என்றாள் வான்மதி. "சோத்தைப் பெசஞ்சு வெச்சுட்டு கிணத்தப் பத்தியே பேசிட்டு இருக்கறா."

"அது நல்லதுதானுங்களே?"

வான்மதி திரையிலிருந்த புள்ளிகளை இன்னொருமுறை எண்ணினாள்.

மாதேஸ்வரன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இந்த மெசினு பதில் சொல்றதில்லீங்க. கேள்வி மொளைக்கற எடத்த வழிச்சு விட்டுடுது. அவ்வளவுதான்."

தெளிவி எழுதிய தீர்மானம் திரையில் வந்தது: 'ஆசிரியர் மாதேஸ்வரனை வகுப்பிலிருந்து நீக்குதல்.' குழுவினரின் கட்டங்களில் மூன்று புள்ளிகள் எழுந்தன. அதில் ஒன்று வான்மதியுடையது. எழுத்துகள் லேசாகக் கலைந்து மறுபடி கூடின: 'ஆசிரியர் மாதேஸ்வரனுக்கு நூலகப் பொறுப்பு வழங்குதல்.' புள்ளிகள் அணைந்தன. ஒன்பது கைகள் உயர்ந்தன.

அடுத்த மாதம் எட்டாம் வகுப்பின் கட்டமும் வெறுமையானது. வான்மதியின் மகள் யாழிசை தட்டைக் காலி செய்துவிட்டுச் சமர்த்தாக எழுந்து போனாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிச் சுவரை ஒட்டியிருந்த சாயப்பொடிக் கிடங்கில் மழைநீர் இறங்கிப் பொடி புகைய ஆரம்பித்தது. எதிர்வரிசைக் கம்பெனியிலிருந்த வான்மதி, ஜன்னல் வழியே வெள்ளைப் புகை சுவர் ஏறி விழுவதைப் பார்த்தாள். துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மின்சாரம் போயிருந்தது. கீழ்த்தளத்திலிருந்த மற்ற வகுப்புப் பிள்ளைகளை ஆயாக்கள் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பை மட்டும் காணோம். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறினாள்.

வகுப்பின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாற்பத்தொரு பிள்ளைகளும் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கந்தக நெடி தொண்டையை அறுத்தது. எல்லாருடைய கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. சிலர் வாயைப் பொத்தி இருமினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மேசையில் தலை சாய்த்திருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரை கறுத்துக் கிடந்தது. வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பாளர், மின்சாரம் ஏன் போனது என்று பார்க்கப் போய்க் கீழே புகையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க! ஓடுங்க!" என்று கத்தினாள் வான்மதி. உடனே அத்தனை பேரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். முன்வரிசைப் பெண்ணைத் தூக்கத்தான் இரண்டு பையன்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

படியிறங்கும்போது மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் கண்ணு வெளிய வல்ல? கதவு தொறந்துதான இருந்துச்சு?"

யாழிசை இருமி முடித்தாள். "உக்காந்திருக்கச் சொல்லி ஸ்க்ரீன்ல வந்துச்சும்மா. அப்பறம் ஒண்ணும் வல்ல."

"மூச்சு முட்டுதே, ஏன்னு தோணலையா?"

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேள்வி புரியாத பார்வைகூட இல்லை அது. அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கும் பார்வை.

பதினோரு பிள்ளைகள் மருத்துவமனையில் கிடந்தார்கள். யாழிசையின் நுரையீரல் தேறப் பல மாதமாகும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் வான்மதி நூலகத்துக்குப் போய் மாதேஸ்வரன் முன்னால் நின்றாள்.

"நான் கை தூக்கினனுங்க சார். இனி மெசினு வேண்டாம்னு வெள்ளிக்கெழமை நானே கேக்கறன். நீங்க மறுபடி வகுப்புக்கு வரோணும்."

"பட்டையக் கட்டிட்டுத்தானுங்களா கேப்பீங்க?" என்றார் அவர்.

"கட்டலீன்னா வாக்கு செல்லாதுங்களே."

வெள்ளிக்கிழமை, எட்டுப் பேருடைய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஒரு புள்ளி மட்டும் எரிந்தது. அது வான்மதியுடையது. அவள் எழுந்து நின்று பேசினாள். தலைமையாசிரியை ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

திரையில் வந்தது: 'புகை விபத்தின்போது மாணவர்கள் வெளியேறாமல் இருந்தது குறித்து.' புள்ளி எரிந்தது. எழுத்துகள் கலைந்தன. 'அறிவிப்புக் கிடைக்காத நிலையில் மாணவர்கள் காத்திருக்க நேர்ந்தது குறித்து.' புள்ளி கொஞ்சம் மங்கியது. வான்மதியின் கை நெற்றிக்குப் போனது. பட்டையின் விளிம்பைத் தொட்டது. கழற்றினால் பிள்ளைகளுக்காகப் போட வேண்டிய வாக்கு போய்விடும். கையை இறக்கிக்கொண்டாள்.

மூன்றாம் முறை எழுத்துகள் மெதுவாக, அவளுக்காகவே எழுதுவதுபோல் வந்தன. 'திரை அணையாமல் இருந்திருந்தால் வெளியேறும் அறிவிப்பு வந்திருக்கும். அறிவிப்பு வந்திருந்தால் யாழிசை முதல் ஆளாக வெளியே வந்திருப்பாள். எல்லா வகுப்புகளுக்கும் மின்கலம் பொருத்துதல்.'

ஆமாம், வந்திருப்பாள். சொன்னதும் எழுந்தவள்தானே. நான்கு நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வலியில்லாமல் கழன்றுகொண்டது. திரையைப் பார்த்தாள். புள்ளி இல்லை. ஒன்பது கைகள் உயர்ந்தன.

நூலக வாசலில் மாதேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். "கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க சார்" என்றாள் வான்மதி. "பேட்டரி வெக்கறாங்க."

அவர் அவள் நெற்றியைப் பார்த்தார். பட்டையைக் கூட்ட அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.