அதே பெயர், அதே பாஸ்வேர்டு

நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். மழை வருவேனா மாட்டேனா என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். முன்னறையில் டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். நடுக்கூடத்தில் சில கட்டில்கள். பின்னறையில் அவர் தனியாகக் குடியிருந்தார். சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது. வைஃபை சிக்னல் இப்படிப்பட்ட சுவரைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

என் பிழைப்பே அதுதான். மருத்துவமனைகளுக்கும் ஊர் ஊராகப் போகும் மருத்துவ வண்டிகளுக்கும் எந்த நெட்வொர்க் நம்பகமாக ஓடும் என்று அளந்து பார்த்து, மாட்டிக் கொடுப்பேன். என் வேன்தான் என் ஆபீஸ். சிம் போட்ட ஒரு ரவுட்டர், ஒரு டேப்லெட், ஒரு தலையணை எல்லாம் அதிலேயே இருக்கும். வாடகைக்கு ஓர் அறையும் இருக்கிறது. போனால் "வந்தாயா" என்று கேட்க நாதியில்லை, அதனால் அதிகம் போவதில்லை.

நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே. நேத்து ஒரு பெரியவருக்கு நாடித்துடிப்பு இறங்கிடுச்சு. இந்தப் பெட்டி வாயே திறக்கல. ஏதோ சும்மா எட்டிப் பார்த்தேன், அதனால பிழைச்சார். டாக்டர்கிட்ட புதுசு வாங்கலாம்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."

ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது துடிப்பை எண்ணி, வைஃபை வழியாக நர்ஸ் மேசையிலுள்ள திரைக்கு அனுப்பும். நர்ஸ் பெட்டி என்றது பழைய ரவுட்டரைத்தான். அது நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் தூங்கும்.

எங்கள் வேலையில் முதலில் நடக்க வேண்டும். டேப்லெட்டைக் கையில் பிடித்து அறை அறையாக நடந்தால் எந்தப் பட்டை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, துடிப்பு என்ன என்று எல்லாம் தெரியும். கூடத்தில் எண்ணிப் பார்த்தேன். கட்டில்களில் இருந்தவர்களைவிடத் திரையில் ஒருவர் கூடுதல்.

யாரோ கழிவறைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து, அந்தத் துடிப்பைத் தேடிப் பின்னறைக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள். இப்போதுதான் யாரோ குளித்துவிட்டு வந்ததுபோல் சோப்பு வாசனை. ஆளில்லை.

நான் அசையாமல் நின்றேன். திரையில் அந்தச் சிக்னல் ஏறியது.

இன்னும் ஏறியது.

என் சட்டைப் பையில் இருந்த போனைவிடப் பக்கத்தில் வந்து நின்றது.

பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

"பயப்படாத தம்பி. என் வீட்டுக்காரம்மாதான்."

டாக்டர் கதவோரம் நின்றிருந்தார். ஒடிந்துவிழும் உடம்பு.

"பட்டையைக் கையில கட்டினது கட்டினபடியே கண்ணை மூடிட்டா. மறுநாள் திரையில வந்துட்டா. தனியா இருக்க அவளுக்கு அவ்வளவு பயம். கரண்ட் போனாக்கூட என் சட்டையைப் பிடிச்சுக்குவா. புதுப் பெட்டி போட்டா அவளுக்கு வழி தெரியாம போயிடுமோன்னுதான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். நேத்து அந்தப் பெரியவர் போயிருந்தா அந்தப் பாவத்தை நான்தான் சுமக்கணும். நீயே ஒரு வழி சொல்லு."

நம்பினேனா என்று கேட்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பெட்டிதான் சார் மாறும். அதே பெயர், அதே பாஸ்வேர்டு வெச்சுடலாம். பட்டைங்களுக்கு மாறினதே தெரியாது," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியைக் கழற்றும் நேரத்தில் நோயாளிகள் கண்காணிப்பில்லாமல் இருக்கக் கூடாது. அதனால் என் வேன் ரவுட்டருக்கே அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, வேனைக் கூடத்து ஜன்னலை ஒட்டி நிறுத்தினேன். பட்டைகள் எல்லாம் சமர்த்தாக வேனுக்கு மாறின. புதிய பெட்டிகளை அறைக்கு ஒன்றாக மாட்டி முடித்ததும் அவை உள்ளே திரும்பின. கட்டில் கட்டிலாகச் சோதித்தேன். நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தாள். மழை வலுத்தது, டாக்டர் நோயாளியோடு இருந்தார். கையை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

கூடத்துக் கட்டில்களை மட்டும்தான் சோதித்திருந்தேன், பின்னறைத் துடிப்பு உள்ளே திரும்பியதா என்று பார்க்கவில்லை. வேன் ரவுட்டரின் பெயரையும் மாற்றவில்லை.

பொழுது சாயும் நேரம். சாலையில் ஒரு வண்டி இல்லை. கண்ணாடியை ஏற்றியிருந்தேன், இருந்தும் ஈரக்காற்று புகுந்ததுபோல் இருந்தது. கூடவே சோப்பு வாசனை.

பக்கத்து இருக்கையில் டேப்லெட் அலறியது. துடிப்பு எல்லை மீறினால் வரும் ஒலி.

பார்த்தேன். ஒரே ஒரு பட்டை. துடிப்பு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. டாக்டர்.

"தம்பி, அவ இங்க இல்ல."

"என் வண்டியில இருக்காங்க சார்."

"எப்படி இருக்கா?"

"பயந்துட்டாங்க சார். ரொம்ப வேகமா அடிக்குது. இதோ திருப்பிக்கிட்டு வந்துடுறேன்."

"வேணாம், அதுவரைக்கும் தாங்க மாட்டா. ஓரமா நிறுத்து. அவகிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இரு. நானே வர்றேன்."

நிறுத்தினேன். காலியான இருக்கையைப் பார்த்துப் பேசினேன். என்ன பேசுவது? மழை, என் மூட்டுவலி, வேன் கதவு சரியாகச் சாத்தாதது, அறைக்குப் போகப் பிடிக்காதது எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து யாரிடமும் நான் பேசியதில்லை. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. துடிப்பு குறையவில்லை.

திடீரென்று குறைந்தது.

சீராக, மெதுவாக, யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல.

திரும்பிப் பார்த்தேன். சாலையில் எந்த வண்டியின் வெளிச்சமும் இல்லை. திரையில் இன்னொரு பட்டை சேர்ந்திருந்தது.

நர்ஸ் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, டாக்டர் போயிட்டார். நாற்காலியில உக்காந்தபடியே. போன் இன்னும் கையிலதான் இருக்கு."

"அவர் பட்டை ஏதாவது கட்டியிருந்தாரா சிஸ்டர்?"

"இப்பத்தான் ஒண்ணு எடுத்துக் கட்டினார். ஏன் சார்னு கேட்டேன். சும்மாதான்னு சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பயத்திலா என்று கேட்டால், பாதிதான். ரவுட்டரை அணைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஸ்விட்சில் விரலை வைத்தேன். அணைத்தால் இருவரும் எங்கே போவார்கள்? இந்த மழையில், ஆளுக்கொரு பக்கமாகவா?

விரலை எடுத்துவிட்டேன்.

டேப்லெட் மெல்ல ஒலித்தது. மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருந்தார். துடிப்பு படபடவென்று அடித்தது.

கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். திரையில் அடித்த ஒவ்வொரு அடியும் என் விரலிலும் அடித்தது.

என் கையில் பட்டை எதுவும் இல்லை.