நாற்பது முகம், ஒரே பின்மண்டை

முப்பத்திரண்டாவது தலையின் பின்பக்கத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அக்கா கண்ணாடிக் கட்டியை இயந்திரத் தட்டிலிருந்து எடுத்து, ஜன்னலே இல்லாத அந்த அறையின் விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரைச் செங்கல் அளவுக் கட்டி. வெளியே வழுவழுவென்று இருந்தது. கீறல் உள்ளே இருந்தது. கம்ப்யூட்டரில் அவள் வரைந்து கொடுத்த தலையில் அப்படி ஒரு கீறல் கிடையாது.

லேசர் கதிர் கண்ணாடியின் மேற்புறத்தைத் தொடாமல் உள்ளே புகுந்து சுடும். ஒரு சூட்டுக்கு ஒரு வெண்புள்ளி, ஊசிமுனையளவு வெடிப்பு. எண்பதாயிரம் வெடிப்புகள் சேர்ந்தால் ஒரு தலை. அடித்து அடித்துத்தான் ஒரு முகம் பிறக்கிறது என்று அவளே பெருமையாகச் சொல்வாள். ஆனால் அவள் பார்த்து வரைந்த பழைய போட்டோக்களில் முகம் இருக்குமே தவிரப் பின்மண்டை இருக்காது. அதற்காக ஆள் பிடிக்க அலையவா முடியும்? கூடவே தம்பி இருந்தான். அவனை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையை ஒருதரம் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். யார் முகமானாலும் பின்னால் ஒட்டுவது தம்பியின் மண்டைதான். அன்றிலிருந்து அவனுக்கு ‘மண்டை’ என்றே பெயராகிவிட்டது. “எனக்கு ஒரு பொண்ணு கிடைக்கல. என் மண்டை மட்டும் நாப்பது பேருக்கு வாக்கப்பட்டுப் போயிருக்கு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

நாளைக் காலையில் கண்காட்சி. நாற்பது தலைகளும் இருட்டுக் கூடத்தில் தொங்கும். நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது பின்மண்டைகள்தான். சுற்றிக்கொண்டு போனால்தான் முகம். பதினைந்து வருஷம் பரிசுக் கேடயங்கள் செய்து கை மரத்துப்போனவளை இப்போதுதான் யாரோ கலைஞர் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள்.

பழுதான முகத்தை அவர்கள் பட்டறையில் வைத்திருப்பதில்லை. உடைத்துவிடுவார்கள். முகத்தில் அடிக்க யாருக்கு மனசு வரும்? அதனால் பழந்துணியில் சுற்றிக் கவிழ்த்துப் போட்டு, பின்மண்டையில் சுத்தியலால் போடுவது வழக்கம். அக்கா அதைத்தான் செய்தாள். முதல் அடிக்குக் கட்டி அசையவில்லை. ஓங்கி இரண்டாவது அடி விட்டாள். துணிக்குள் நறுக்கென்றது.

அடுத்த அறையில் கண்ணாடி விளிம்பு தேய்க்கும் சக்கரம் நின்றது.

“அக்கா, மாத்திரை ஏதாச்சும் இருக்கா? பின்மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“ராத்திரி பூரா போனை நோண்டினா தெறிக்காம என்ன செய்யும். டிராயர்ல பாரு.”

அதே முகத்தை மறுபடி ஓட்டினாள். மீசை வைத்த ஒரு தபால்காரர். பச்சை ஒளி கட்டிக்குள் குதித்துக் குதித்து ஓட, ஈர உப்பு தணலில் பொரிவதுபோல் டிக் டிக்கென்ற சத்தம் கறுப்புத் திரைக்குள் நிறைந்தது. சூடான தூசியின் வாடை எழுந்தது. அதற்கடியில், பச்சை இரும்பை நக்கினாற்போல் இன்னொரு வாடையும் இருந்தது. திரையில் எண்ணிக்கை எண்பதாயிரத்தைத் தொட்டது. வேலை முடிந்தது என்று கை நீட்டினாள். சத்தம் நிற்கவில்லை. எண்பதாயிரத்து நூறு. முந்நூறு. அறுநூறு. யாரோ மிச்சத்தைச் சொல்லிக்கொடுப்பதுபோல் இயந்திரம் நிதானமாகச் சுட்டுவிட்டு ஓய்ந்தது.

இந்தத் தடவை கீறல் இல்லை. அதே இடத்தில் மண்டை உள்வாங்கியிருந்தது. தட்டி நசுக்கிய தகரக் குவளை மாதிரி. தபால்காரரின் முகம் மட்டும் சாந்தமாக இருந்தது.

லென்ஸைத் துடைத்தாள். கோப்பைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. நாளைக்குக் கண்காட்சியை வைத்துக்கொண்டு இன்றைக்கா இந்தச் சனியன் படுத்த வேண்டும் என்று கட்டியைத் துணியில் சுற்றி, நாலு அடி, அஞ்சு அடி, ஆத்திரம் தீர அடித்துத் தூளாக்கினாள். சுவருக்கு அப்பால் ஏதோ தகரம் தரையில் விழுந்து உருண்டது.

மூன்றாவது கட்டியில் மண்டை திறந்திருந்தது. எலும்பின் விளிம்புகள், ஒவ்வொரு சில்லாக, வெள்ளை வெளேரென்று. அவற்றுக்கு நடுவே புள்ளியே இல்லாத ஒரு குழி. அவ்வளவு நுணுக்கமாக அவளுக்கே வரையத் தெரியாது. நேற்றே முடித்துவைத்த முப்பத்தோரு தலைகளும் பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அவள் கையாலேயே மூடியவை. பெட்டியைத் திறந்தாள். முதல் தலை, மண்டை திறந்திருந்தது. இரண்டாவது. மூன்றாவது. பல்வரிசை தெரியச் சிரிக்கும் மணப்பெண். தொப்பிக்காரச் சிறுமி. எல்லோருக்கும் அதே இடத்தில் அதே குழி.

எல்லோருக்கும் ஒரே மண்டை. யாருடைய மண்டை என்று நினைத்த மாத்திரத்தில் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது இவன் ஒருவன்தான். மற்றதெல்லாம் கண்ணாடி.

தம்பி சக்கரத்தருகே ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பின்னால் போய் அவன் முடிக்குள் விரல்களை விட்டாள்.

“என்னக்கா, பேன் பாக்குறியா?”

“சும்மா இரு.”

காயம் இல்லை. ரத்தம் இல்லை. ஆனால் அந்த இடம் மெத்தென்று இருந்தது, கைக்குழந்தையின் உச்சிக்குழி மாதிரி. விரலை லேசாக அழுத்தினாள். உள்ளே போனது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“தலைவலிக்கா ஆஸ்பத்திரி? ஒம்பது தலை பாக்கி இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?”

அவன் வாய் குழறியது. ‘ஒம்பது’ என்பதை இரண்டு தடவை முயன்று சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கண்ணாடியிலிருந்துதான் இது இவனுக்குள் இறங்குகிறது. அவளுக்கு அப்படித்தான் பட்டது. கண்ணாடியே இல்லாமல் போனால்? ஒன்றுகூட மிஞ்சாமல் போனால்? ஓடினாள். கம்ப்யூட்டரில் தம்பியின் தலையை அழித்தாள். சுத்தியலை எடுத்தாள். துணி தேட நேரமில்லை. கவிழ்த்தாள். அடித்தாள்.

தபால்காரர் போனார். மணப்பெண் போனாள். சில்லு தெறித்து அவள் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் வாய்க்குள் உப்புக் கரித்தது. துப்பிவிட்டு அடித்தாள். உள்ளங்கை பிளந்து சுத்தியல் பிடி வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அடித்தாள்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றான்.

“அக்கா. நாளைக்குக் கண்காட்சி.”

“நாசமாப் போகட்டும். நீ அங்கேயே நில்லு. அசையாதே.”

பத்து. பதினொன்று. ஒவ்வொரு அடிக்கும் அவன் தலை லேசாக முன்னால் ஆடியது. தூங்கி விழுகிறவன்போல. அவள் அதைக் கவனிக்கவில்லை. பத்தொன்பது. தொப்பிக்காரச் சிறுமி. முகமும் சேர்ந்து பிளந்தது. இருபத்தெட்டு. மூச்சு வாங்கியது. மிச்சம் நாலு. மூணு. இரும்பு வாடை அறையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒன்று.

அடித்தாள்.

ஒன்றுமில்லை. தரை முழுக்க வெள்ளைத் துகள். அமைதி.

“தலைவலி போயிடுச்சுக்கா” என்றான் தம்பி.

வாய் குழறவில்லை. முகம் பளிச்சென்று இருந்தது. அக்காவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டுச் சில்லுகள் மேலேயே முழங்காலில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். அப்பாடா என்று இருந்தது.

அப்போதுதான் சொட்டுச் சத்தம் கேட்டது.

அவன் குதிகால்களுக்குப் பின்னால். சொட். சொட். கறுப்பாக ஏதோ வாசற்படி தாண்டி இந்தப் பக்கம் பரவி வந்தது. அவனுக்குப் பின்னால் அடுத்த அறையின் கண்ணாடித் தடுப்பு. அதில் அவன் முதுகு தெரிந்தது. தோள் தெரிந்தது. தோளுக்கு மேல், கழுத்து முடிந்த இடத்திலிருந்து, முடி இல்லை. மண்டை இல்லை. இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு குழி. அத்தனை அடியும் விழுந்த குழி.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆனா, பின்னாடி ஜில்லுன்னு காத்து படுதுக்கா.”

“தொடாதே” என்றாள். சத்தம் வரவில்லை. “தொடாதேடா.”

அவன் கை தூக்கினான். விரல்கள் காதைத் தாண்டிப் பின்னால் போயின. உள்ளங்கை மறைந்தது. மணிக்கட்டு மறைந்தது. சட்டைப்பையில் சாவியைத் தேடுகிறவன்போல் அவன் புருவம் சுருங்கியது. எதையோ துழாவினான். முகத்தில் வலியே இல்லை. அவளைப் பார்த்தபடி இருந்த அவன் வலது கண் மட்டும், உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளினாற்போல், மெல்ல முன்னால் பிதுங்கி வந்தது.