வெள்ளை நூல்

பெண்ணையாற்றின் மேல்வானில் செக்கர் மங்கி, கீழ்த்திசையில் முழுமதி மெல்லத் தலைகாட்டிய அந்த அந்தி நேரம் அழகானதுதான். ஆனால், வாசகர்களே, ஆற்றங்கரைப் பாசறையில் அதை ரசிக்கும் நிலையில் ஒருவரும் இல்லை. பகலெல்லாம் நடந்த போரில் அடிபட்ட வீரர்கள் வைத்தியக் கூடாரத்தின் வைக்கோலில் கிடந்து முனகிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சேனையில் ஒரு வழக்கம் இருந்தது. காயம்பட்டவனை வைத்தியர் சோதித்து, பிழைப்பான் என்றால் மணிக்கட்டில் சிவப்பு நூலும், பிழைக்கமாட்டான் என்றால் வெள்ளை நூலும் கட்டுவார். வெள்ளை நூல் பூண்டவனுக்குத் தண்ணீர் மட்டுமே உண்டு. அவனுக்கு மருந்தோ கட்டோ போடுபவன் அரசர் பொருளைத் திருடியவனாவான். தலைமை வைத்தியர் மங்கலாதிராசருக்கோ இரத்த வாடை ஆகாது! வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவனுக்குச் சிவப்பு, அவனுக்கு வெள்ளை" என்று கைகாட்டிவிட்டு விருந்துக்குப் போய்விடுவார். அண்மையில் அந்தச் சிரமமும் எதற்கென்று நூற்பேழையையே ஓர் ஊமைப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்திருந்தார். ஊமை வெளியே போய் என்னத்தைச் சொல்லப்போகிறாள்? அவருடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள்! அவளோ ஒவ்வொருவனையும் தொட்டுப் பார்த்தே நூல் கட்டினாள்.

அன்று அக்கரையிலிருந்து பாய்ந்து வந்த பகைவர் அம்பொன்று விருந்துப் பந்தலில் அமர்ந்திருந்த மங்கலாதிராசரின் தொடையைத் துளைத்தது. அலறியவரைத் தூக்கிவந்து வைக்கோலில் கிடத்தினார்கள்.

"பெண்ணே, காயத்துக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டு! இரத்தம் நின்றால் பிழைத்துக்கொள்வேன்!" என்றார்.

அவள் குனிந்து காயத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு பேழையைத் திறந்து, அவர் மணிக்கட்டில் வெள்ளை நூலைச் சுற்றி முடிச்சிட்டாள்.

"அடி பாவி! அறுத்தெறி இதை!" என்று கத்தியவர், தம் மேலாடையைக் கிழித்துத் தாமே கட்டப்போனார். அவருடைய சீடர்களே அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சட்டத்தின்மீது அத்தனை பயம்.

தர்மாதிகாரி கங்காதரர் வரவழைக்கப்பட்டார். வெற்றிலை மென்றுகொண்டே வந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"வெறும் தொடைக் காயம், சுவாமி! உள்ளே வந்து பாருங்கள்!"

"வைத்தியரே, கட்டிய நூலுக்கு மேல் விசாரணை இல்லையென்று சென்ற மாசியில் தீர்ப்பளித்தேன். தங்களைக் காப்பாற்றத்தானே அளித்தேன்? இன்று மாற்றினால், அன்று நான் தவறு செய்ததாக ஊர் பேசாதா?"

"கட்டியவள் ஒன்றும் அறியாத ஊமை!"

"பேழையை அவளிடம் கொடுத்தவர் தாங்கள் அல்லவா?" என்றார் கங்காதரர். விருந்து ஆறிவிடும் என்ற கவலையோடு அவர் திரும்பிப் போனார். சீடர்களும் தலைகுனிந்து ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பணிப்பெண் குவளை நீரை வைத்தியரின் உதட்டருகே பிடித்தாள்.

"குடியுங்கள், ஐயா" என்றாள்.

மங்கலாதிராசரின் கண்கள் பிதுங்கின. "நீ... பேசுவாயா?"

"சென்ற மாசியில் தர்மாசனத்தின் முன் கதறியவள் நான்தான். 'வெள்ளை நூல் பூண்டவன் இறந்தான், ஆகவே நூல் பொய்க்கவில்லை' என்று தீர்ப்பு வந்தது. பக்கத்தில் நின்று தலையாட்டிய தாங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இறந்தவர் குதிரைப்படை வீரர் விடங்கர். அவருக்கும் தொடைக் காயம்தான். அவரை மணக்கவிருந்த அல்லியங்கோதை நான்."

"விடங்கனா? அப்படி ஒருவனை... எனக்கு நினைவே இல்லையே, அம்மா!"

அதைக் கேட்டதும் அவள் நெஞ்சில் மிச்சமிருந்த இரக்கமும் வற்றிப்போயிற்று.

"பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்! அவர் தண்ணீர்கூட இல்லாமல் போனார். தங்களுக்கு நான் தருகிறேன்."

"கட்டு, தாயே... இப்போது கட்டினாலும் பிழைப்பேன்..."

"எனக்கும் தெரியும், ஐயா. ஆனால் கட்டினால் நான் திருடியாகிவிடுவேனே!"

குவளையை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, அல்லியங்கோதை சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு அடுத்த வீரனிடம் போனாள்.