ராசா வயிற்றில் முட்டை!

செல்போன் அலறியது.

பியூலா பதறிப்போய் எடுத்தாள்.

"பியூலா, எஸ்.ஐ. வேல்விழி பேசுறேன். ஒன் ராசா கெடச்சுட்டாரு!"

"ஸ்தோத்திரம்! உசுரோட இருக்காரா மேடம்?"

"அம்சமா இருக்காரு. ஆனா ஒரு சிக்கல்..."

"என்ன மேடம்?"

"ராசா வயித்துல முட்டை!"

ராசா மனிதர் இல்லை. கொடுவா மீன்! ஆனைக்குட்டத்தில் ஜெயச்சந்திரன் நடத்தும் மீன் பண்ணையின் செல்ல ஆண். கொடுவா உடம்பில் ஆண் ஜீன்கள் எப்போது விழிக்கின்றன, பெண் ஜீன்கள் எப்போது விழிக்கின்றன என்று அந்தப் பண்ணையில் ஆராய்வதுதான் பியூலாவின் வேலை.

போன ஆடி மாதம் ராசா தொட்டியிலிருந்து மாயமானது. தொட்டி அறையின் சாவி இருந்தது பியூலாவிடம். போதாதா? தேடிச் சலித்த ஜெயச்சந்திரன் கடைசியில் அவள் மேலேயே புகார் கொடுத்துவிட்டார். மீன் கிடைக்காவிட்டால் இன்று கைது! மீன் திருடி என்ற பட்டத்தோடு மல்லாங்கிணற்றில் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

ஸ்கூட்டி விஸ்வநத்தத்துக்குப் பறந்தது.

பட்டாசுக் கம்பெனி முதலாளி கோட்டைச்சாமியின் தோப்பு. பெரிய சிமெண்ட் தொட்டி. பட்டாசு ஊருக்குத் தூத்துக்குடி கடல் தண்ணீர் லாரி எதற்கு என்று பின்னாலேயே போய்த்தான் வேல்விழி இதைப் பிடித்திருந்தாள்.

தொட்டிக்குள் இரண்டு கொடுவா. ஒன்று சின்னது. இன்னொன்று பெரியது, ராசாவைப் போலவே வால் கிழிந்தது.

"ராசா...!" பியூலா கத்தினாள்.

கோட்டைச்சாமி கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"வாலு கிழிஞ்ச மீனெல்லாம் ஒங்க மீனா தாயி? புகார்ல ஆண் மீன்னுதான இருக்கு? இது பொட்டை! வயித்தப் பாருங்க மேடம், நிறைமாசம்!"

வேல்விழி உதட்டைப் பிதுக்கினாள்.

"அவர் சொல்லுறது ஞாயந்தான பியூலா? ஆண் மீனக் காணோம்னு சொல்லிட்டுப் பொட்டையப் பிடிச்சா கோர்ட்டுல சிரிப்பாகளே..."

பியூலா குரலைத் தாழ்த்தி, பவ்யமாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இத நீங்களேவா வளத்தீக?"

"பின்ன? விரல் நீளக் குஞ்சுல இருந்து!"

"அப்பவே பொட்டைதானா?"

"என்ன கேள்வி கேக்கீக? பொட்டைக் குஞ்சுன்னு பாத்துத்தான வாங்குனேன். பொறந்ததுல இருந்தே பொட்டை! எங்க அய்யனாரு மேல சத்தியம்!"

பியூலா சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

"மேடம், கொடுவா ஆணாத்தான் வளரும். வயசு ஏறுனாத்தான் பெண்ணா மாறும். ஒரே வெடிக்கு ரெண்டு திரின்னு வச்சுக்கோங்க. மொதல்ல ஆண் ஜீன் பத்தும். அது அணையுறப்பதான் பெண் ஜீன் பத்தும். விரல் நீளத்துல பொட்டைக் கொடுவாவா? எந்தக் கடையிலயும் கெடைக்காது!"

நுணலும் தன் வாயால் கெடும். கோட்டைச்சாமி விழித்தார்.

"அது... நான் பெருசாத்தான் வாங்குனேனோ என்னவோ..."

"சத்தியம் பண்ணி இன்னும் வாயே காயல. அதுக்குள்ளயா?" வேல்விழி லத்தியைத் தட்டினாள்.

"காணாமப் போறதுக்கு முந்தியே ராசாவச் சோதிச்சேன் மேடம்," என்றாள் பியூலா. "ஆண் ஜீன் அடங்கிக்கிட்டு இருந்துச்சு. பெண் ஜீன் வேகமா ஏறிக்கிட்டு இருந்துச்சு. ராசா ராணியாகப் போறார்னு எனக்குத் தெரியும். அவரோட துடுப்புத் துண்டு எங்க ஃப்ரீசர்ல இருக்கு. டி.என்.ஏ. பாத்துருவமா அண்ணாச்சி? ஆணு பொண்ணாகலாம்... ஆளு மாறாது!"

கோட்டைச்சாமி தொட்டிச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கள்ளச் சாவி போட்டு நாந்தான் தூக்குனேன் தாயி! அந்தச் சின்னது என் பொட்டை. அதுக்கு மாப்பிள்ளை வேணும்னு இவரத் தூக்கிட்டு வந்தேன். இப்ப மாப்பிள்ளை மாசமா நிக்காரு!"

பியூலா சின்ன மீனை வலையில் அள்ளி, அடிவயிற்றை மெல்ல அழுத்தினாள்.

பால் மாதிரி வெள்ளையாகக் கசிந்தது.

"அண்ணாச்சி, இது ஆண் மீனோட விந்து... ஒங்க பொட்டைதான் மாப்பிள்ளை!"

"ஆத்தாடி!" கோட்டைச்சாமி தலையில் கை வைத்தார். "பொட்டைன்னு சொல்லித்தான வித்தான் அந்தப் பாவி! என்னையவே ஏமாத்திப்புட்டானே!"

வேல்விழி போனில் ஜெயச்சந்திரனைப் பிடித்து, நாலு வார்த்தை நறுக்கென்று கொடுத்து, பியூலா மேல் இருந்த புகாரை வாபஸ் வாங்கச் சொன்னாள். பியூலா அங்கேயே நின்று கண்ணீரும் சிரிப்புமாக அம்மாவுக்கு போன் போட்டாள்.

கோட்டைச்சாமி ஜீப்பில் ஏற்றப்பட்டார்.

"மேடம், இவர எந்த லாக்கப்புல போட?" டிரைவர் கேட்டார்.

"ஆம்பளைங்க லாக்கப்புலயே போடுங்க," என்றாள் வேல்விழி. "இவரு கொடுவா இல்ல... எம்புட்டு வயசானாலும் மாறமாட்டாரு!"